ஒரு வாய் போதாது

…அதனால்தான் அந்த சாக்ஸைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை ஐயா. காலையில் பூஜை அலமாரியைத் துடைக்கும்போது விபூதிச் சம்புடத்துக்குப் பின்னால் கிடந்தது. பழுப்புக் கம்பளி, ஒரு காலுக்கு மட்டும். என் குக்கர் சத்தம் விழக்கூடாதென்று நீங்கள் மைக்குக்கு மாட்டிவிட்டது. சாமிக்குப் பக்கத்தில் சாக்ஸா என்று முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஜெர்மனியிலிருந்து டெல்லியில் எங்கள் முனிர்கா வீட்டு மாடிக்குக் குடிவந்த அன்று, "அம்மையீர், அருந்த நீர் கிடைக்குமா?" என்றீர்கள். வாசலில் நின்ற பால்கார பையா, அது சமஸ்கிருதமா என்று என்னிடம் கேட்டார்.

நீங்கள் ஆராய வந்ததோ எங்கள் திருநெல்வேலிப் பேச்சை. மற்ற ஊரில் 'சொல்றேன்' என்பதை நாங்கள் 'சொல்லுதேன்' என்போம். அந்த 'த' இன்னும் உயிரோடு இருக்கிறதென்று நிரூபித்தால்தான் உங்கள் கட்டுரையை அச்சிடுவார்கள். பல வருட உழைப்பு. எனக்கோ கூச்சம். டெல்லியிலேயே பிறந்த என் மகன், "அரே அம்மா, வெளியாள் முன்னாடி அந்த பாஷை வேண்டாம்மா, சிரிப்பாங்க" என்பான். உங்கள் மைக்கைக் கண்டாலே நான் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் பேசுவேன்.

பல்கலைக்கழகக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனீர்கள். நான் பூசிவிட்ட விபூதியோடு மேடையேறிப் பேசினீர்கள். முடிந்ததும், தடித்த கண்ணாடி போட்ட தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் எழுந்தார்.

"அந்த வழக்கு செத்து எவ்வளவோ காலமாச்சு. இங்கே யாராவது அப்படிப் பேசறாங்களா?"

நீங்கள் என்னைக் கை காட்டினீர்கள். அத்தனை தலையும் திரும்பியது. மானம் போகிறதே என்று எழுந்தேன்.

"ஐயோ, நான் எதுக்கு அப்படிப் பேசுதேன்? இவிய சும்மா சொல்லுதாவ!"

அரங்கமே சிரித்தது. நீங்கள் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தீர்கள். எனக்குத்தான் விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

கண்ணாடிக்காரர் மட்டும் அசையவில்லை. "ஒரு வாய் போதாது. இன்னொரு ஆள் வேணும்" என்றார்.

அந்த இன்னொரு ஆளைத் தேடி, மே மாத வெயிலுக்குப் பயந்து குரங்குக் குல்லாயோடு சரோஜினி நகர் கடைவீதியிலும் மோதி பாக்கிலும் அலைந்தீர்களே! வெள்ளைக்காரரைக் கண்டதும் நம்மவர்கள் ஒன்று இந்தி பேசினார்கள், இல்லையென்றால் மேடைத்தமிழ். வெறுங்கையோடு ஊர் போனீர்கள். கட்டுரை வரவேயில்லை. போன தை மாதம் உங்கள் மகள் எழுதித்தான் நீங்கள் காலமானது தெரிந்தது.

இங்கே டெல்லியில் இருக்கிற நம் முருகன் மலைக்கோவிலில் மோட்ச தீபம் ஏற்றினேன். குருக்கள் கோத்திரம் கேட்டார். "தமிழ்க் கோத்திரம்னு சொல்லுதேன், ஏத்தும் சாமி" என்றேன், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி. இப்போதெல்லாம் எங்கேயும் அப்படித்தான். மகன் முறைத்தால், "ஜெர்மனிலேருந்து வந்து படிச்ச பாஷை இது, நீ என்னல முறைக்கே?" என்பேன்.

இதை எழுதும்போதுதான் நினைவு வருகிறது ஐயா. அன்று கூட்டம் முடிந்து, நான் தூக்குவாளியில் கொண்டுவந்த புளியோதரையை எல்லோருக்கும் கொடுத்தேன். நீங்கள் மேடையில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கண்ணாடிக்காரர் தட்டோடு என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "யக்கா, எள்ளை வறுத்தா போடுதிய?"