நான்காம் கொட்டிலில் தொங்கிய பலகை

மருத்துவமனை விடுதி
5 அக்டோபர் 1996

அன்புள்ள நக்வாவுக்கு,

இன்ஷிரா எழுதுவது. நான் நலம். நீயும் உன் அண்ணன் வீட்டாரும் நலமா? மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. ரஷீத் ஊரின் கடற்காற்று உன் கையைக் கட்டிப்போட்டுவிட்டதா?

கால்நடை மருத்துவக் கல்லூரியில் புது மாணவர்கள் வந்துவிட்டார்கள். கழுதைக்கு ஊசி போடச் சொன்னால், ஒருவன் அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். பேராசிரியர் ஃபிக்ரி என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, கழுதை மன்னிச்சுதான்னு கேட்டுச் சொல்லு, அப்புறம் பாடத்த ஆரம்பிக்கிறேன்" என்றார். நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். மயக்க மருந்து மேசையில் உன் இடத்துக்கு வந்த பெண், ஆட்டின் நாடியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஆட்டு விஷயத்தை இங்கே எல்லோரும் மறந்துவிட்டார்கள். நீயும் மறந்துவிடு. ஒரு வரியாவது எழுது.

உன் அன்புத் தோழி,
இன்ஷிரா


ரஷீத்
19 அக்டோபர் 1996

அன்பு இன்ஷிரா,

எல்லோரும் மறந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். நல்லது. வேலை போனது அவர்களுக்கு இல்லையே. கோபித்துக்கொள்ளாதே, அண்ணனின் தீவனக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து நாக்கு கசந்துபோய்விட்டது.

அந்த நாளைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். மறுநாள் அறுவை உள்ள விலங்கின் கொட்டிலில் சிவப்புப் பலகை மாட்டுவது என் வேலை. தீவனம் போடும் ஷெஹாத்தா மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. பலகை இருந்தால் தழை போட மாட்டார், இல்லாவிட்டால் போடுவார். ஆட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் மாட்டினேன் என்று என் கை சொல்கிறது. ஆனால் பலகை தொங்கியது காலியாக இருந்த நான்காம் கொட்டிலில். ஆடு ஏழாவதில் வயிறு முட்டத் தின்றிருந்தது. மயக்கத்தில் தீவனம் எதுக்களித்து நுரையீரலில் இறங்கிச் செத்தது. அப்படியென்றால் என் கை பொய் சொல்கிறது.

போன வாரம் பக்கத்து வீட்டு எருமைக்குக் கன்று வயிற்றில் குறுக்கே கிடந்தது. "பெரிய ஆஸ்பத்திரியில இருந்தவளாச்சே, ஒரு கை வைம்மா" என்று அழைத்துப் போனார்கள். முழங்கை வரை சோப்பு போட்டுக்கொண்டு, கையை உள்ளே விடாமல் அப்படியே நின்றேன். டாக்டர் வருவதற்குள் கன்று போய்விட்டது. அண்ணி நல்லவள், "விடுடி, யாருக்குத்தான் கை நடுங்காது" என்றாள். என் கை நடுங்கவில்லை, இன்ஷிரா. அந்தக் கையை என்னால் நம்பத்தான் முடியவில்லை.

நக்வா


மருத்துவமனை விடுதி
2 நவம்பர் 1996

நக்வா,

உன் கடிதம் கிடைத்தது. நீ சரியான கொட்டிலில்தான் பலகையை மாட்டினாய்.

அன்று பிற்பகல் மாணவர்கள் ஆட்டின் வயிற்றில் காது வைத்துக் கேட்க, வெளிச்சமான இடம் வேண்டும் என்றார் பேராசிரியர். நான்தான் ஆட்டை நான்கிலிருந்து ஏழுக்கு மாற்றினேன். பலகையை எடுத்துப்போய் மாட்ட மறந்தேன். அந்த வாரம்தான் என் பணி நிரந்தர ஆணை கையெழுத்துக்குப் போயிருந்தது. விசாரணையில் உன்னைத் திட்டியபோது நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். ஆட்டை மாற்றியது நான் என்று பயத்தில் நான் சொல்லவே இல்லை. அந்த எருமைக் கன்று செத்ததும் என் கணக்கில்தான்.

நேற்று இயக்குநரிடம் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். "எட்டு மாசம் எப்படிம்மா இத முழுங்கிட்டு இருந்தே?" என்று கேட்டார். என் நிரந்தர ஆணையை ரத்து செய்து, மாலை முறை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். உனக்கு மறுபடி வேலைக்கு வரச்சொல்லும் ஆணை தனியாக வரும். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை.

இன்ஷிரா


ரஷீத்
16 நவம்பர் 1996

இன்ஷிரா,

கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். முதலில் வந்தது கோபமில்லை. என் கை பொய் சொல்லவில்லை என்றுதான் அழுதேன். அண்ணி பதறிப்போய், "யாருக்கு என்னடி ஆச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, எனக்கு நல்லதுதான் நடந்திருக்கு" என்றேன். கோபம் மறுநாள் வந்தது. இன்னும் இருக்கிறது.

வியாழனன்று அதே வீட்டின் இன்னொரு எருமை கன்று போட்டது. கன்றின் கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. நானே நிமிர்த்தி இழுத்தேன். கிடாரிக் கன்று, உயிரோடு.

வேலைக்கு வரச்சொல்லும் ஆணை வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை முதல் காலை முறை வேலைக்கு வருகிறேன். முறை மாறும்போது விலங்குகளை ஒப்படைக்க நாம் பத்து நிமிடம் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கும். எந்த விலங்கு எந்தக் கொட்டிலில் இருக்கிறது, எதற்குக் காய்ச்சல், எது தின்றது, எது தின்னவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். நீயும் கேட்டுக்கொண்டு திருப்பிச் சொல். வேறு எதுவும் பேச வேண்டாம். எனக்கு ஆறியபின் நானே பேசுவேன். அதுவரை அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒருநாளும் வராமல் இருந்துவிடாதே.

நக்வா