காலை ஐந்தரை மணி வெந்நீர்

19 அக்டோபர் 1993, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு 48 டிகிரி. பிற்பகல் மூன்று மணிக்கு 57.

பதினைந்தாவது நாள். சாந்தோமிலிருந்து மந்தைவெளிக்கு சைக்கிளில் பன்னிரண்டு நிமிடம். அந்த நேரத்தில் ரோட்டில் பால் பூத் ஆட்களும் நாய்களும் நானும்தான். பிரசவ விடுதியின் மொட்டைமாடியில் எங்கள் ஆய்வகம் வைத்த சூரிய வெந்நீர்க் கருவி. கீழே குளியலறைக் குழாயடியில், தெர்மாமீட்டரும் கையுமாக, எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்த ஜொவிட்டா. பிறந்த குழந்தைகளை ஆறு மணிக்குக் குளிப்பாட்டுவார்கள், இப்போதைக்கு விறகு பாய்லர் தண்ணீரில். முந்தின நாள் வெயில் அதுவரைக்கும் தொட்டியில் தங்குமா என்பதுதான் ஆராய்ச்சி. இதுவரை தங்குகிறது. ராத்திரியில் ஒன்பது டிகிரிதான் குறைகிறது, தினமும், சொல்லிவைத்த மாதிரி.

ஆயா தேவானை என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "இன்னாம்மா, தண்ணிக்கு ஜொரம் பாத்துக்கினு கீற?"

தாய்மாரும் அவர்களுக்குத் துணையாக வருகிறவர்களும் யாரும் இந்தக் குழாயைத் தொடுவதில்லை. மாடித் தண்ணீரில் குளித்தால் சளி பிடிக்குமாம். "நான் சொல்றேன் இரு எல்லாருக்கும், அப்பால பாரு" என்றாள் தேவானை. எனக்கு நிம்மதியாக இருந்தது. தொண்டுக்கு ஆள் சேர்ப்பதுபோல அவளே முன்வந்தாள்.

28 அக்டோபர், வியாழன்

விடியும்போது மழை கொட்டியது, எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்குப் போனபோது நோட்டில் காலைக் கட்டம் காலியாக இருந்தது. நேற்று பிற்பகல் 41. அதில் ஒன்பது போனால் 32. எழுதிவிட்டேன். ஒரு நாள்தானே.

9 நவம்பர், செவ்வாய்

ஒரு நாள் இல்லை. பதின்மூன்று நாள் ஆயிற்று.

மழை விட்டு வாரம் ஆகிறது. ஆனாலும் போகவில்லை. அம்மா ஐந்து மணிக்கு எழுப்பினால், "இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா" என்று போர்வைக்குள்ளிருந்தே பொய் சொல்கிறேன். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. மூன்று மணிக்குப் போய், அந்த நேரத்து அளவை நேர்மையாக எடுத்து, பக்கத்திலேயே காலைக் கட்டத்தையும் நிரப்புகிறேன். எப்போதும் ஒன்பது கழித்தால் கண்ணுக்குத் தெரியும் என்று ஒரு நாள் எட்டு, ஒரு நாள் பத்து. பேனாவைக்கூட மாற்றுகிறேன்.

சோம்பேறித்தனம் என்றால் மன்னித்துவிடலாம். பேனா மாற்றுவதற்கு என்ன பெயர்?

23 நவம்பர், செவ்வாய்

எங்கள் ஆய்வகத் தலைவர் சாய்நாத் சார் என் வரைபடத்தை அடையாறு ஆபீஸ் சுவரில் ஒட்டிவிட்டார். அவர் எதையும் ஒட்டுகிற ஆள் இல்லை. போன வருடம் தெருவிளக்குச் சிக்கன ஆய்வுக்குப் பரிசு வந்தபோது சான்றிதழை மேஜை டிராயருக்குள் போட்டவர். "இவ்ளோ சுத்தமான டேட்டா நான் பார்த்ததில்ல ஜொவிட்டா. ஜனவரில பூனா கருத்தரங்குல நீங்களே படிங்க" என்றார்.

சுத்தமாகத்தான் இருக்கும். அளந்தது இல்லை, கணக்குப் போட்டுச் செய்தது.

இடைக்கால அறிக்கை இன்று விடுதியின் டிரஸ்டுக்குப் போய்விட்டது. காலை சராசரி 45 டிகிரி என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

6 டிசம்பர், திங்கள்

மூன்று மணிக்குப் போனேன். குளியலறைப் பக்கத்தில் இருந்த செப்பு விறகு பாய்லரைக் காணோம். பழைய பாத்திரக்காரன் வண்டியில் ஏற்றிப் போய்விட்டானாம். அது நின்ற இடத்தில் ஒரு கட்டில் போட்டு, இன்னொரு தாய்க்கு இடம் ஆகிவிட்டது. புகையும் ஒழிந்தது என்று விடுதியைப் பார்த்துக்கொள்கிற ஆலிஸ் சிஸ்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மழை நாளுக்கு மட்டும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் கொடுத்திருக்கிறார்கள்.

"உங்க ரிப்போர்ட்டைப் பார்த்துதான் செக்ரட்டரி அம்மா தைரியமா எடுக்கச் சொன்னாங்க" என்றார் சிஸ்டர்.

நான் சிரித்தேன். சிரித்தேனே, அதுதான்.

8 டிசம்பர், புதன்

வெளியே சைக்கிளை எடுக்கும்போது தேவானை ஓடி வந்தாள். "காலைல தண்ணி சில்லுனு வருதும்மா. கொயந்த வீல்னு கத்துது."

"பைப்புல நிக்கிற பழைய தண்ணி அது தேவானைம்மா. கொஞ்ச நேரம் தொறந்து விடுங்க, சூடு வந்துடும்" என்றேன்.

பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நாளைக் காலை போய்ப் பார்க்க வேண்டும்.

9 டிசம்பர், வியாழன்

போகவில்லை. போனால் என்ன தெரியவரும் என்று பயம்.

14 டிசம்பர், செவ்வாய்

தேவானை கையைச் சுட்டுக்கொண்டுவிட்டாள்.

எழுதிவிட வேண்டும். காலை ஐந்தே முக்காலுக்கு. ஸ்டவ்விலிருந்து தவலையை இறக்கும்போது கைத்துணி வழுக்கி, கொதிக்கிற தண்ணீர் வலது கையில் முழங்கை வரை. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நேற்று நல்ல வெயில். மழை நாளில்லாததால் விடுதி மண்ணெண்ணெயைத் தொடக்கூடாது. அதனால் நாலைந்து நாளாக அவள் தன் வீட்டு ரேஷன் மண்ணெண்ணெயை டப்பாவில் கொண்டுவந்து ஊற்றி, யாருக்கும் தெரியாமல் குழந்தைகளுக்குத் தண்ணீர் காய்ச்சியிருக்கிறாள். சிஸ்டருக்கே இன்றைக்குத்தான் தெரியுமாம்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை? சொன்னாளே. என்கிட்டதானே வந்து சொன்னா. பைப்பைத் தொறந்து விடுன்னு சொல்லி அனுப்பினேனே.

15 டிசம்பர், புதன்

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். கை முழுக்கக் கட்டு. "உரிச்சித் தாம்மா, ஒத்தக்கையால முடியல" என்றாள். உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தேன். குனிந்தபடியே இருக்க அது வசதியாக இருந்தது.

"நீ சொன்ன மாரி தொறந்து வுட்டுப் பாத்தேன். பக்கெட்டு பக்கெட்டா போச்சி, சூடு வரல. எனக்குத்தான் திருகத் தெரில போல" என்றாள்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்துப் படுக்கையில் ஆட்கள் இருந்தார்கள். இப்படி ஏதாவது ஒன்று எனக்கு எப்போதும் கிடைத்துவிடுகிறது.

20 டிசம்பர், திங்கள்

இதை எழுதாமல் தூங்கப்போனால் நான் மனுஷியே இல்லை.

கருவி பழுதா என்று பார்க்க சாய்நாத் சார் இன்று என்னையும் அழைத்துக்கொண்டு விடுதிக்கு வந்தார். மாடியில் எல்லாம் சரியாக இருந்தது. கீழே வந்தால், லீவு எழுதிக்கொடுக்க தேவானை கட்டுப் போட்ட கையோடு வந்து நிற்கிறாள். சார் அவளிடம் சாதாரணமாகத்தான் கேட்டார். "இந்தம்மா காலைல தினமும் வந்து அளவு எடுக்கறாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"தெனம் வருவாங்க சார். வெடியறதுக்கு முன்னாடி வந்துடுவாங்க. மழையில நனைஞ்சிக்கினு வருவாங்க."

சார் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். நானும் அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் ஸ்கூட்டரை எடுக்கும்போது தேவானை என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "வேல போயிடும்ல உனக்கு. வயசுப் பொண்ணு."

அப்போ அவளுக்குத் தெரியும். நான் வரலன்னு எல்லா நாளும் தெரியும். தெரிஞ்சும் என் பேச்சைக் கேட்டு பக்கெட் பக்கெட்டா தொறந்து விட்டிருக்கா. தன்னோட கை வெந்து கிடக்கு, என் வேலைக்கு அவ கவலைப்படறா. ச்சே. என்ன பொறப்பு நான்.

24 டிசம்பர், வெள்ளி

கிறிஸ்துமஸுக்கு முன் கோயிலில் பாவசங்கீர்த்தனம். நீண்ட வரிசை. அம்மாவிடம் எரிந்து விழுந்தது, இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாதது, சித்தி மகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது எல்லாவற்றையும் சொன்னேன். "வேறு ஏதாவது உண்டா மகளே?" என்றார் சாமியார்.

"இல்லை சாமி."

மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து, வெளியே வந்து, செருப்பைத் தேடுகிறபோது எனக்கே சிரிப்பு வந்தது. அவரிடம் சொல்லியிருந்தாலும் அவர் மன்னித்துத்தான் அனுப்பியிருப்பார். எனக்கு வேண்டியது மன்னிக்காத ஆள்.

27 டிசம்பர், திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலை ஒன்பது மணிக்கு, சாய்நாத் சார் பையைக்கூட மேஜையில் வைக்கவில்லை. "சார், அக்டோபர் 28-லேருந்து காலை அளவு எதுவும் நான் எடுக்கல. எல்லாம் கழிச்சு எழுதினது." ராத்திரி நான்கு பக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். பையோடு போய் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நான்கு மூலையிலும் டேப்பை நகத்தால் நிதானமாகக் கிளப்பி எடுத்தார். "எட்டு, ஒன்பது, பத்து, திரும்ப எட்டு. மேகம் போட்ட நாளும் அதே. எனக்கே தெரிஞ்சிருக்கணும்," என்றார். "அழகா இருந்துது. நானும் விட்டுட்டேன்."

பூனா கட்டுரையை வாபஸ் வாங்கினார். "டிரஸ்டுக்கு லெட்டர் நீங்க எழுதுங்க. நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. நாளையிலிருந்து காலை அளவு, அறுபது நாள். அதுக்கப்புறம் இங்க இருக்கறதா வேண்டாமான்னு பேசலாம்." அதற்கு மேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. மத்தியானம் டீ வந்தபோது என் கிளாஸை மட்டும் மறக்காமல் என் மேஜைக்கு அனுப்பினார். அதுதான் தாங்க முடியவில்லை, பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

3 ஜனவரி 1994, திங்கள்

டிரஸ்ட் செக்ரட்டரி விஜயலக்ஷ்மி அம்மாள் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "பாய்லர் இன்னொண்ணு வாங்கிடலாம். அந்தம்மா கைக்கு என்ன பண்ணப் போறேள்?"

கடைசி வரை நின்றுகொண்டுதான் இருந்தேன். அவரும் உட்காரச் சொல்லவில்லை.

12 ஜனவரி, புதன்

கடைசி ஐந்து நாள் காலை அளவுகள்: 27, 26, 27, 25, 28. எல்லாம் பச்சைத் தண்ணீர்.

காரணம் இன்று தெரிந்தது. மாலை நான்கு மணிக்குப் போய்க் குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நாலரைக்கு ஆரம்பித்து ஏழு மணி வரை பக்கெட் வரிசை. தாய்மார், அவர்களுடைய அம்மாக்கள், மாமியார்கள். இருட்டுவதற்குள் தொட்டி காலி. அதற்குமேல் நிறைகிற தண்ணீர் பச்சைத் தண்ணீர்தான், காய வெயில் இல்லை. அக்டோபரில் யாரும் தொடாத தண்ணீருக்குக் கண்டுபிடித்த கணக்கை, ஊரே குளிக்கிற தண்ணீருக்கு நான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரே ஒரு நாள் விடியலில் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

தேவானை வேலைக்குத் திரும்பிவிட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் எழுதியதையும் சேர்த்து. கேட்டுவிட்டு அவள் சொன்னது: "நான்தாம்மா சொன்னேன் எல்லாருக்கும், மாடித்தண்ணி நல்லாக்கீது, வந்து புடிங்கன்னு. உனக்கு ஒத்தாசையா இருக்கும்னு."

மன்னிச்சிட்டேன்னு சொல்லவில்லை. திட்டவும் இல்லை. குழந்தைத் துணிகளை இடது கையால் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

29 ஜனவரி, சனி

தொட்டியில் பாதியைக் காலைக்கென்று தனியாகப் பூட்டி வைக்க ஒரு வால்வு. மிச்சக் குறைக்குச் சின்னதாகப் புது பாய்லர், மாடித் தண்ணீரே அதற்குள் போகும்படி குழாய். விறகு முன்பைவிட மூன்றில் ஒரு பங்குதான் ஆகிறது. இன்று காலை மாடிக் குழாயில் 44. தெர்மாமீட்டரை மூன்று தடவை நனைத்துப் பார்த்தேன், என்னை நானே நம்பாமல்.

சாய்நாத் சாரிடம் நோட்டைக் காட்டினேன். "ம்" என்றார். சுவரில் எதையும் ஒட்டவில்லை.

17 பிப்ரவரி, வியாழன்

ஜுரம், 102. இந்தத் தடவை தெர்மாமீட்டர் என் வாயில். அம்மா கதவைச் சாத்திவிட்டாள். போகவில்லை.

18 பிப்ரவரி, வெள்ளி

இன்னும் தலை சுற்றியது, ஆனாலும் போனேன். 43.

தேவானை குழாயடியில் எனக்காகக் காத்திருந்தாள். "நேத்து நீ வரல. கட்டம் காலியா கெடந்தா உன் சாரு திட்டுவாருன்னு நானே கைய வுட்டுப் பாத்தேன். முந்தாநேத்து மாரியேதான் சூடு. அதையே எழுதிக்கோ."

முந்தாநாள் 44. பேனா கையில் இருந்தது. அவள் நான் எழுதுவதைப் பார்க்க எட்டிப் பார்த்தாள்.

கட்டத்தைக் காலியாகவே விட்டேன். பக்கத்தில் குறிப்பு இடத்தில், "பிப்ரவரி 17: அளவு எடுக்கப்படவில்லை. தேவானை கை வைத்துப் பார்த்தார், முந்தைய நாள் போலச் சூடு" என்று எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினேன். தன் பெயர் வந்த இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"இடது கைன்னு போடும்மா," என்றாள். "சோத்துக்கையில இப்பல்லாம் சூடு தெரியறதில்ல."

போட்டேன்.