கை தூக்காதவள்

செப்டம்பர் 18, வியாழன்

கடையிலிருந்து திரும்பும்போது எதிரே டீசன் வீட்டு பிக்கப் வந்தது. அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கினாள். அவர்களும் தூக்கினார்கள். நான் மடியிலிருந்த மாவுப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு கை தூக்குறதுக்கு உனக்கு என்னடி வலிக்குது? டீசன் வீட்டம்மா சர்ச்சுல கேக்குறாங்க, நேட்டாவுக்கு எங்க மேல ஏதும் வருத்தமான்னு."

வருத்தமெல்லாம் இல்லை. வண்டி தூரத்தில் தெரியும்போதே தூக்கணும், தூக்கணும் என்று நினைக்க ஆரம்பிப்பேன். நினைத்து முடிப்பதற்குள் வண்டி போய்விடும், புழுதிதான் மிஞ்சும். இந்த ஊரில் எல்லோருக்கும் கை தானாக எழுகிறது. எனக்கு மட்டும் ஏன் யோசிக்க வேண்டியிருக்கிறது? பள்ளியிலும் இப்படித்தான். பதில் தெரியும். கை எழாது. எட்டாம் வகுப்போடு நின்றதில் எனக்கு நிம்மதிதான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மதியத்துக்குப் பிறகு கிரேட்டா அக்காவிடம் ரொட்டியும் ஜாமும் கொண்டுபோனேன். மே மாதம் அவர்கள் வீடு எரிந்ததிலிருந்து அக்காவும் ஐசக் அத்தானும் மூன்று பிள்ளைகளும் எங்கள் டிராக்டர் கொட்டகையில்தான் இருக்கிறார்கள். தகரச் சுவர். இப்போதே விடியற்காலையில் சின்னவனுக்கு மூக்கு நீலமாகிறது.

கையில் உள்ளதை வைத்து இந்த வருஷம் பாதி வீடுதான் கட்ட முடியும்—பூமிக்குள் இருக்கிற பாதி. நிலவறைக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பி, மேலே பலகை அடித்து, தார்த்தாள் போட்டு மூடிவிட்டால் குளிர்காலத்தை அதற்குள் ஓட்டலாம். இங்கே பல பேர் அப்படி ஓட்டியிருக்கிறார்கள். மேல் வீடு அடுத்த வருஷம்.

அப்பாவுக்குத் தொழிலே அதுதான். ஆனால் வெளியார் வீடுகள் முதலில், சொந்த மகள் வீடு கடைசியில்.

"மண்ணு உறைஞ்சு இறுகுறதுக்குள்ள சுவர் நிக்கலன்னா ஆல்பெர்ட்டா போயிடலாம்கிறார் உன் அத்தான்," என்றாள் அக்கா. "அவர் தம்பி வீட்டுல மாடியில ரெண்டு ரூம் இருக்காம்."

"போயிட்டு வந்துடுவீங்கதானே?"

அக்கா ரொட்டியை அறுக்க ஆரம்பித்தாள். ஆல்பெர்ட்டா கனடாவின் மேற்கில், இங்கிருந்து இரண்டு நாள் வண்டிப் பயணம். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. நான் முழு வாக்கியமாகப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

அக்டோபர் 3, வெள்ளி

கார்னி அண்ணன் விழுந்துட்டான். கால் உடைஞ்சிருக்கு. நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 4, சனி

பென்னர் வீட்டு வேலையில் நடந்தது. சென்ட்ரிங் பலகை மேல் நின்று அண்ணன் கான்கிரீட் பம்பின் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். லாரியில் கான்கிரீட் தீர்ந்துபோய், அடுத்த லாரிக்காக பம்ப் நின்றிருந்தது. அப்போது சாலையில் யாரோ பிக்கப்பில் போனார்கள். அண்ணன் கை தூக்கினான்.

பம்ப் ஓட்டுகிற ரோமெல் அண்ணனுக்கு அது 'ஓட்டு' என்கிற சைகை. ஓட்டினார். குழாய்க்குள் காற்று அடைத்திருந்தது. அது பாம்பு மாதிரி ஒரு துள்ளு துள்ளி அண்ணனைப் பள்ளத்துக்குள் வீசிவிட்டது.

காலில் மாவுக்கட்டுடன் கூடத்தில் படுத்துக்கொண்டு அவனே சிரிக்கிறான். "ஒரு கை தூக்கினேன். ரெண்டு காலும் மேல போயிருச்சு."

"யாருக்குடா தூக்கின?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியலம்மா. வெள்ளை வண்டி."

அக்டோபர் 6, திங்கள்

ரோமெல் அண்ணன் வந்தார். மனைவி செய்த நூடுல்ஸ் ஒரு பெரிய டப்பா நிறைய. அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்து அவன் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் பேசினார்.

"டீட்ரிக் அண்ணே, நான் மணிலாவுல பன்னிரண்டு மாடிக்கு கான்கிரீட் ஏத்தியிருக்கேன். உங்க ஊரு மாதிரி கஷ்டம் எங்கயும் இல்ல. உங்க ஆளுங்க கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. ஒருத்தர் காது சொறியறார், ஒருத்தர் தொப்பியத் தூக்கறார், ரோட்டுல போற ஒவ்வொருத்தனுக்கும் கும்பிடு போடறீங்க. நான் எதை சைகைன்னு எடுத்துக்கறது?"

"எங்க ஊரு வழக்கம்பா அது."

"இருக்கட்டும். இனி ஒரு வேலைக்கு ஒரு கை. ஒருத்தர் மட்டும் சைகை. அந்த ஆள் வேற எதுக்கும் கை அசைக்கக் கூடாது. இல்லன்னா நான் வரல."

நியாயம்தான். அந்தச் சத்தத்தில் வாய்ப்பேச்சு கேட்காது, கையை நம்பித்தான் எல்லாம். ஆனால் யார்? அண்ணன் படுக்கையில். மிச்சம் அப்பாவும் கூலிக்கு வருகிற இஸ்பிராண்ட் மாமாவும்தான். மாமா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே கதை சொல்கிறவர். கதையில் பாதி கையில்தான் இருக்கும்.

அக்டோபர் 7, செவ்வாய்

அப்பா பயிற்சி செய்தார். சாலையோரம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி போனால் தூக்கக் கூடாது. அதுதான் பயிற்சி.

முதல் வண்டி: தூக்கிவிட்டார். இரண்டாவது: தூக்கிவிட்டார். மூன்றாவதுக்கு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். தலை ஆடியது.

"அண்ணே, கயிறு கொண்டு வரட்டுமா?" என்றார் இஸ்பிராண்ட் மாமா.

"வாய மூடுறா. அது பிரசங்கியாரோட வண்டி."

அம்மா சமையலறை ஜன்னலருகே நின்று, கண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று காலை வாளித் தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ்.

அக்டோபர் 11, சனி

இன்று அக்கா வீட்டுக்கு அடிமானம் போட்டோம். பள்ளத்தின் ஓரம் சுற்றிலும் ஓடுகிற அகலமான கான்கிரீட் பட்டை. சுவர் அதன்மேல்தான் நிற்கும். இதற்குப் பம்ப் தேவையில்லை, லாரியின் சரிவுத் தகரத்திலிருந்தே நேராக இறங்கும். ஆள் இல்லாததால் இரண்டு நாளாகக் கம்பி கட்டியது நான்தான். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போனது. ஆனால் கட்டுக்கம்பியைக் கொக்கியில் மாட்டி ஒரு சுழற்று சுழற்றினால் அது பிடிக்கும் பிடி—எனக்குப் பிடித்திருக்கிறது.

லாரி பின்னால் வரும்போது இடமா வலமா என்று கேட்க ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நான் கை காட்டினேன். இடது. இன்னும். போதும். தகரம் பட்டைக்கு நேர் மேலே வந்து நின்றது.

பம்ப் நிறுத்த இடம் பார்க்க வந்திருந்த ரோமெல் அண்ணன் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் பார்த்தார். ஏழெட்டு வண்டி போயிருக்கும். பிறகு அப்பாவிடம் வந்து, "அந்தப் பொண்ணு," என்றார்.

"நேட்டாவா? சர்ச்சுல ஒருத்தருக்கு வணக்கம் சொல்ல மாட்டாப்பா அவ."

"எனக்கு வணக்கம் வேணாம்ணே. அவ கை சும்மா இருக்கு பாருங்க. அசைஞ்சா அதுக்கு அர்த்தம் இருக்கு."

அப்பா முடியாது என்றார். சென்ட்ரிங் மேல் பெண்பிள்ளை ஏறுவதா, ஊர் என்ன சொல்லும் என்றார். மாமா விதைத் தோலைத் துப்பிவிட்டு, "ஊர் ஆல்பெர்ட்டாவுக்குக் கடுதாசி போடும்ணே, கிரேட்டாவுக்கு," என்றார்.

அப்பா மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டார்.

அக்டோபர் 15, புதன்

அத்தான் ஆல்பெர்ட்டாவுக்கு போன் செய்தார். மாத முடிவில் வருகிறோமா இல்லையா என்று சனிக்கிழமை சொல்கிறேன் என்றார். எந்தச் சனிக்கிழமை என்று கேட்கப் பயம்.

அக்டோபர் 20, திங்கள்

சென்ட்ரிங் எழுந்து நின்றுவிட்டது. இரண்டு வரிசைப் பலகை, நடுவில் ஒரு சாண் இடைவெளி, அதற்குள் கம்பி. வீடு மாதிரி இல்லை, மூடி இல்லாத பெட்டி மாதிரி இருக்கிறது. ரேடியோவில் தெற்கு மானிடோபாவுக்குக் கடும் உறைபனி என்கிறார்கள். கான்கிரீட் ஆலையை மாத முடிவில் மூடுகிறார்கள்.

சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமை கனமான பூட்ஸ் போட்டுக்கோ," என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் ரோமெல் அண்ணன் சைகைகளைச் சொல்லித் தந்தார். விரல் சுழன்றால் ஓட்டு. முஷ்டி மூடினால் நிறுத்து. உள்ளங்கை மேலே என்றால் கையைத் தூக்கு—அவர் பம்பின் நீளக் கையை. "மத்த யாரு ஆடினாலும் எனக்குக் கண்ணு தெரியாது. உன்னை மட்டும்தான் பாப்பேன்," என்றார்.

பலகை மேல் ஏறினேன். என்னை இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் நான் நின்றதே இல்லை. ஆனால் எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள், முகத்தை இல்லை. அது எவ்வளவு பெரிய வித்தியாசம்.

விரலைச் சுழற்றினேன். வந்தது.

மாமா குழாயைப் பிடிக்க, அப்பா வைப்ரேட்டர் ஊசியைக் கான்கிரீட்டுக்குள் இறக்கி இறக்கி எடுக்க, சுவர் நான்கு பக்கமும் இடுப்பளவு ஏறியது. ஒரே இடத்தில் முழு உயரம் ஊற்றக் கூடாது. பாரம் தாங்காமல் பலகை பிளந்துவிடும். ஒரு சுற்று முடித்து, இரண்டாவது சுற்று.

செய்தி பரவிவிட்டது போல. பிக்கப் பிக்கப்பாக வந்தார்கள், மெதுவாகப் போனார்கள், கை தூக்கினார்கள். டீசன் வீட்டம்மா கண்ணாடியை இறக்கி முழங்கை வரை வெளியே நீட்டி ஆட்டினார். பிரசங்கியார் ஹாரனே அடித்தார். என் கை என் பக்கத்தில் கிடந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்கு ஒரு காரணம் இருந்தது.

இரண்டாவது சுற்றில் வடகிழக்கு மூலைக்கு வந்தோம். சுவர் தோள் உயரம் வந்திருக்கும். பலகைகள் சேருமிடத்தில் ஈரமாக ஒரு கோடு பார்த்தேன். சிமென்ட் பால். முதலில் நூல் மாதிரி. பிறகு விரல் மாதிரி. கீழே முட்டுக் கட்டையின் ஆப்பு மண்ணில் வழுக்கிக்கொண்டிருந்தது. பலகை வயிறு தள்ளியது.

முஷ்டியை மூடினேன்.

பம்ப் நின்றது. அந்த அமைதி காதை அடைத்தது. எதிர்ச் சுவரில் இருந்த அப்பாவுக்கு மூலை தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கடைசி லாரி டிரம்மை உருட்டிக்கொண்டு நிற்பதும், கான்கிரீட் இறுக ஆரம்பித்தால் சுவர் இரண்டு துண்டாகும் என்பதும்தான். இரண்டு கையையும் ஆட்டினார். ஓட்டு, ஓட்டு.

ரோமெல் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்தார். என் முஷ்டி மூடியே இருந்தது. நகம் உள்ளங்கையில் இறங்கியிருக்கிறது, இப்போதும் தடம் தெரிகிறது.

அப்பா பலகை மேல் ஓடி வந்தார். "என்னடி? எதுக்குடி நிறுத்தின? லாரி நிக்குதுல்ல?"

வாய் வரவில்லை. இடது கையால் காட்டினேன்.

அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. "இஸ்பிராண்டு. ரெண்டு கட்டை. பெருசு. ஜாக்கி எடு."

அத்தானும் பள்ளத்துக்குள் குதித்தார். மண்சுவரில் ஒரு பலகை வைத்து, அதிலிருந்து முட்டுக் கொடுத்து, ஜாக்கியை இறுக்கினார்கள். பால் சொட்டுவது மெதுவாகக் குறைந்தது. மாமா, "போதும் பாப்பா, ஓட்டச் சொல்லு," என்றார். நான் இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். அப்பா கீழே நின்று என்னையே அண்ணாந்து பார்த்தார். ஆடவில்லை. அவருடைய இரண்டு கையும் தொங்கிக்கொண்டு சும்மா இருந்தன.

சொட்டு நின்றது. விரலைச் சுழற்றினேன்.

பிறகு சேரும் இடமெல்லாம் அப்பா ஊசியை ஆழமாக இறக்கிக் கலக்கினார், பழசும் புதுசும் ஒன்றாகும்படி. வெயில் இறங்குவதற்குள் மேல் விளிம்பைத் தேய்த்து, தரைப் பலகையைப் பிடிக்கிற போல்ட்டுகளையும் நட்டுவிட்டோம். அக்கா கனமான போர்வைகளைச் சுவர் மேல் போர்த்தினாள், குழந்தைக்குப் போர்த்துவது மாதிரி ஓரமெல்லாம் செருகி.

நான் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. இன்று முழுக்க நான்தான் பேசினேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

சர்ச் வாசலில் டீசன் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அவ்வளவு கை காட்டினேன், நீ காட்டல. காட்டியிருந்தா உங்க அக்கா வீடு என் தலையிலல்ல விடிஞ்சிருக்கும்."

"எனக்கு உங்க மேல வருத்தமெல்லாம் இல்ல," என்றேன். கேட்கும்படியாகவே சொன்னேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

பலகையைப் பிரித்தோம். சுவர் வெண்ணெய் மாதிரி வழுவழு. ஓட்டை இல்லை, பிளவு இல்லை. வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு விரல் அளவு வயிறு. மாமா தடவிப் பார்த்துவிட்டு, "நாலு மாசம் இருக்கும்," என்றார். அக்கா அவரைத் துண்டால் அடித்தாள்.

அக்டோபர் 30, வியாழன்

ஆலை மூடுவதற்கு முந்தின நாள், நிலவறைக்குக் கான்கிரீட் தரையும் போட்டாயிற்று.

நவம்பர் 3, திங்கள்

மண் தள்ளுகிற இயந்திரக்காரர் வந்து, சுவரைச் சுற்றியிருக்கிற பள்ளத்தை இன்றே மூடிவிடுகிறேன், நாளை வேறு வேலை என்றார். மேலே மரத் தரைச்சட்டம் ஏறாமல் பக்கத்தில் மண் தள்ளினால் சுவர் உள்ளே சாயும். அப்பா பேசிப் பேசிப் பார்த்தார். அந்த ஆள் இயந்திரத்தைக் கிளப்பினார். நான் போய் முன்னால் நின்று முஷ்டியைக் காட்டினேன். நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை.

நவம்பர் 8, சனி

தரைச்சட்டம் ஏறிவிட்டது. அத்தான் போன் செய்தார். வரவில்லை என்றார். அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

நவம்பர் 22, சனி

அடுப்பு, கட்டில், பிள்ளைகள், ஊறுகாய்ப் பாட்டில்கள். எல்லாம் படி வழியாகக் கீழே இறங்கின. மேலே பனி பெய்துகொண்டிருந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

மைனஸ் முப்பத்தாறு. எல்லோரும் அக்கா வீட்டில் சாப்பிட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்க மண், அதற்கு மேல் பனி. காற்றுச் சத்தமே இல்லை. பிள்ளைகள் காலுறை கூட இல்லாமல் ஓடினார்கள். சின்னவன் அடுப்பருகே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டான், அக்கா மாட்ட மாட்ட.

சாப்பாட்டின் நடுவே அப்பாவுக்கு போன் வந்தது. வசந்தத்தில் யாரோ வீடு கட்டுகிறார்களாம்.

"ஏப்ரல் கடைசியில வர்றோம்," என்றார் அப்பா. "கார்னி எழுந்துட்டான், அவன் இருக்கான்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல இல்ல, கார்னி குழாய் பிடிப்பான். சைகைக்கு ஆள் வெச்சிருக்கேன்."

போனை வைத்துவிட்டுச் சாஸேஜ் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.