இறுக மூடிய டப்பா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல் மட்டும் போக மனம் வராத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் காய்ச்சல் என்று நினைக்காதே, நேற்று ஒன்று நடந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீயும் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அப்பா போனபிறகு நான் தெருக்கோடி சேவை மையத்தில் சேர்ந்து, வீட்டை விட்டு இறங்க முடியாத பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். போன வாரம்கூட, "வேலில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிறியேம்மா, சம்பளத்துக்கு ஆள் போட்டா அவங்க கொண்டுபோய்க் குடுக்க மாட்டாங்களா" என்று கேட்டாய். இருமல் வந்து அப்போது போனை வைத்துவிட்டேன். நான் சாப்பாடு கொடுக்கும் வீடுகளில் ஒன்று மூன்றாம் மாடி நர்ஸம்மாவுடையது. ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் யாரைப் பார்த்தாலும் நோயாளியை அதட்டுகிற மாதிரிதான் பேசுவார். உப்பு குறைந்தால் ஒரு திட்டு, கூடினால் இரண்டு. ஒரு முறை கை முறிந்து எலும்பு கோணலாகக் கூடிவிட்டதால் மணிக்கட்டில் பலம் இல்லை, டப்பாவின் கிளிப்பை அவரால் அழுத்த முடியாது. கழுவிய டப்பாவின் மேல் மூடியைச் சும்மா வைத்துத்தான் தருவார், நான்தான் வாசலில் நின்று கிளிப்பைப் போட்டுக்கொண்டு இறங்குவேன். அதற்கும் "மெதுவா போடு, உடைச்சிடாதே" என்று ஒரு அதட்டு உண்டு.

நான் காய்ச்சலில் படுத்ததும் என் வீடுகளுக்கு டிரைவர் தம்பி போனார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பார்க்க மலை மாதிரி இருப்பார், நர்ஸம்மாவைக் கண்டால் மட்டும் பூனைக்குட்டி. "மதியம் கண்ண மூடினா கதவ இடிச்சு எழுப்புறியா, நீ ஓட்டுறது பஸ்ஸா, என் வீட்டுக் கதவா" என்று அவரிடம் முன்பு ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டவர். எங்கள் மையத்தில் ஆள் முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டை வைத்துவிட்டு வரக்கூடாது என்பதுதான் முதல் விதி. முதல் நாள் நர்ஸம்மா கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார், அடுத்த நாளும் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. ஆனால் முந்தைய நாள் டப்பா பளபளவென்று கழுவி வாசலில் இருந்திருக்கிறது. சாப்பிட்டுக் கழுவி வைத்துவிட்டுத் தூங்குகிறார், எழுப்பித் திட்டு வாங்குவானேன் என்று புது டப்பாவை வைத்துவிட்டு வந்துவிட்டார். மறுநாளும் அதேபோல.

நேற்று காலையில்தான் நான் எழுந்து மையத்துக்குப் போனேன். சமையலறையில் திரும்பி வந்த டப்பாக்களை அடுக்கும்போது நர்ஸம்மா டப்பா கைக்கு வந்தது. இரண்டு கிளிப்பும் இறுகப் போட்டிருந்தது. முதலில் ஒன்றும் தோன்றவில்லை, அடுத்த டப்பாவைக்கூட எடுத்துவிட்டேன், அப்புறம்தான் இந்தக் கிளிப்பை அவரால் அழுத்த முடியாதே என்று நினைவு வந்தது. டிரைவர் தம்பியிடம் கிளிப்பை நீங்களா போட்டீர்கள் என்றேன். "இல்லக்கா, அப்படியே மூடித்தான் இருந்துச்சு" என்றார். ஆளைப் பார்த்தீர்களா என்றேன். "தூங்குறாங்கன்னு வெச்சுட்டு வந்துட்டேன்க்கா" என்றார். அதற்குமேல் அங்கே நிற்க எனக்குத் தைரியமில்லை.

அந்த மாடிப்படியை நான் எப்படி ஏறினேன் என்று கேட்காதே. மூச்சு ஒரு பக்கம், இருமல் ஒரு பக்கம், பின்னால் டிரைவர் தம்பி "ஒண்ணும் ஆயிருக்காதுக்கா, ஒண்ணும் ஆயிருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். கதவைத் தட்டினேன், கத்தினேன், உள்ளே சத்தமே இல்லை. சத்தம் கேட்டு எதிர் வீட்டுக்காரர்தான் வந்தார், வாட்ச் ரிப்பேர் செய்கிறவர், அந்த மாடிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. "அவங்க ஊர்ல இல்லபோல, சாப்பாடு சாயங்காலம் வரைக்கும் வெளியவே கிடந்துச்சு, வீணாப் போகுதேன்னு நான்தான் சாப்பிட்டேன், சும்மா குடுக்கக்கூடாதுன்னு கழுவி வெச்சேன்" என்றார். அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. கழுவி வைத்த பாவத்துக்கு அவரை அடிக்கவா முடியும், ஆனால் சத்தியமாக எனக்குக் கை ஓங்கத் தோன்றியது. டிரைவர் தம்பி அதற்குள் தோளைக் கொடுத்து இடிக்க ஆரம்பித்துவிட்டார். பூட்டு விடவில்லை. மறுபடி இடித்தார். அந்த மனுஷர் அழுதுகொண்டே கதவை இடித்ததை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

நர்ஸம்மா குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்து நகர முடியவில்லை, கைக்கு எட்டிய குழாயைத் திறந்து தண்ணீர் குடித்துத்தான் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறார். தட்டுவதும் வாசலில் பேசியதும் கேட்டிருக்கிறது, குரல்தான் வெளியே வரவில்லை. நான் தலையைத் தூக்கி மடியில் வைத்ததும் கண்ணைத் திறந்து, காற்று மாதிரி ஒரு குரலில், "யாருடி என் சாப்பாட்டத் தின்னது" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இப்போதே சொல்ல முடியாது, நாளைக்கு ஆபரேஷன், வயதானவர், டாக்டர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. டிரைவர் தம்பி இனிமேல் மையத்துக்கே வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார், நான்தான் இன்று காலை அவர் வீட்டுக்கே போய்ச் சாப்பாட்டுப் பையைக் கையில் திணித்துவிட்டு வந்தேன். பசியோடு இருக்கிறவர்களிடம் போய் இவர் வருத்தத்தைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? வாட்ச்காரரும் நாளையிலிருந்து வருகிறேன் என்றிருக்கிறார். நீ சொன்னது போலச் சம்பளத்துக்கு ஆள் போடலாம் கண்ணா, போடட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிளிப்பைப் பார்த்துச் சந்தேகப்பட, அவரிடம் இத்தனை நாள் திட்டு வாங்கிய ஒருத்தி வேண்டியிருந்தது.

இதோடு முடித்திருப்பேன். இன்று மதியம் ஆஸ்பத்திரியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ காய்ச்சல்ல கிடந்தியே, உன் கதவ யாருடி தட்டினா" என்று கேட்டார். காய்ச்சல் உச்சத்தில் இருந்த அன்று நீ போன் செய்து சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டாய், சாப்பிட்டேன் ராஜா என்றேன், நீயும் நிம்மதியாக வைத்துவிட்டாய். அன்று முழுவதும் நான் ஒரு வாய் சாப்பிடவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போகக்கூடத் தெம்பில்லை. நான் சொன்ன அந்தச் "சாப்பிட்டேன்" என்பதும் கழுவி மூடி வைத்த டப்பாதான் என்று இன்றைக்குத்தான் உறைத்தது. அதனால் மையத்தில் சொல்லிவிட்டேன், நாளையிலிருந்து டிரைவர் தம்பி என் கதவையும் தட்டுவார், நான் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். மகன் இருக்கும்போது அம்மா இப்படிச் செய்துவிட்டாளே என்று நீ நொந்துகொள்ளாதே, உன் கை அவ்வளவு தூரம் எட்டாது, அது உன் குற்றமும் இல்லை.

நர்ஸம்மாவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள். நீங்கள் மூவரும் ஒருவருக்கொருவர் கண்ணெதிரே நீடூழி வாழ வேண்டும். மறக்காதே, இனிமேல் போன் செய்தால் முகம் தெரிகிற மாதிரி செய். நீ சாப்பிட்டேன் என்று சொல்வதையும் நான் பார்த்துத்தான் நம்புவேன்.

கதவைத் திறந்து வைத்திருக்கும்
உன் அம்மா