கதவுக்கு உள்ளே காட்டப்பட்ட விதி

அனுப்புநர்:
இரண்டாம் நிலை நடுவர்,
நகர ரக்பி நடுவர் குழு.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
ரக்பி சங்கம்.

பொருள்: சோதனை விதிகளை நடுவர்களுக்கு விளக்கும் முறையை மாற்றவும், அதன் குறையால் ஆட்டத் தடை பெற்ற வீரரின் தடையை ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு ஆட்டத்துக்கு முன் நீக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

விளக்க வகுப்பில் கவனக்குறைவாக இருந்ததாக எனக்கு ஓர் எச்சரிக்கை வந்துள்ளது. அதைப் பற்றிப் பின்னால் ஒரு வரி சொல்கிறேன். இந்த மனு முதன்மையாக, நான் மைதானத்திலிருந்து வெளியேற்றிய ஒரு வீரருக்காக. நடுவர் ஒருவர் இப்படி எழுதுவது வழக்கமில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

1. இந்தப் பருவத்தில் டேக்கிள் விதி சோதனை முறையில் மாற்றப்பட்டுள்ளது. பந்துடன் ஓடுபவரைத் தோளுக்குக் கீழே எங்கு வேண்டுமானாலும் பிடித்து வீழ்த்தலாம் என்றிருந்தது. இனி நெஞ்செலும்பின் முடிவுக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும். தலையில் அடிபடுவதைக் குறைப்பதே நோக்கம்; அதை மனதார ஆதரிக்கிறேன். சுற்றறிக்கையில் இருந்தது இவ்வளவே. பந்து வைத்திருப்பவர் கடைசி நொடியில் குனிந்து தலையை முன்னே கொண்டுவந்தால் பிழை யாருடையது என்பது அதில் இல்லை. வகுப்பில் விளக்கப்படும் என்று மட்டும் இருந்தது.

2. வகுப்பு வழக்கம்போல, பயிற்சி முடிந்ததும், ஆண் நடுவர்கள் உடை மாற்றும் அறையில் நடந்தது. எழுதும் பலகை அங்கேதான் மாட்டப்பட்டிருக்கிறது. நம் குழுவில் பெண்கள் இருவர்: நானும், செவிலியராகப் பணிபுரியும் எல்லைக் கோட்டு நடுவர் ஒருவரும். வெளி நடையில், சேற்றுச் சட்டைகள் குவிந்த கூடைக்குப் பக்கத்தில் நின்று கேட்டோம். “இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே நின்னோம்னா நம்மளையும் சேத்து சலவைக்கு அள்ளிட்டுப் போயிருவாங்க” என்றார் செவிலியர். அன்று அதற்குச் சிரித்துவிட்டேன்.

3. உள்ளே, வகுப்பை நடத்திய பயிற்றுநர், நடுவர்களில் ஒருவரைப் பந்துடன் ஓடிவரச் செய்து விளக்கினார். “பாருங்கப்பா, பிடிக்கிறவரு ஏற்கெனவே முட்டிய மடக்கித் தாழ்ந்துட்டாரு. இவரு படக்குனு குனியறாரு. இப்பத் தப்பு யாரு மேல?” என்று அவர் கேட்டது எங்கள் காதில் தெளிவாக விழுந்தது. அதன் பின் பேச்சே இல்லை. பிறகு “ஆங், அதான்!” என்று பல குரல்கள், கைதட்டல். பதிலை அவர் வாயால் சொல்லவில்லை. மைதானத்தில் செய்வது போலவே, சாதகம் எந்தப் பக்கத்துக்கு என்று கையை உயர்த்திக் காட்டியிருக்கிறார். இரைச்சலுக்கு நடுவே சைகையால் பேசிப் பழகியவர்கள் நாம். உள்ளே இருந்தவர்களுக்கு அது போதும். அந்தக் கை எந்தத் திசையில் உயர்ந்தது என்பது நடையில் நின்றவர்களுக்குத் தெரியாது.

4. அவர் வெளியே வந்ததும் கேட்டேன். கழுத்தில் துண்டுடன், “அதான் உள்ள காட்டினேனேம்மா. மத்ததெல்லாம் சுற்றறிக்கையில இருக்கு, படிச்சுக்கோங்க” என்று சாவியைத் தேடியபடியே போய்விட்டார். மறுநாள் தொலைபேசியில் கேட்டதற்கு, “ரொம்ப யோசிக்காதீங்க, ஆட்டத்துல தானாப் புரியும்” என்றார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நாங்கள் பார்க்கவில்லை என்பது அவர் நினைவுக்கே வரவில்லை. அதைத்தான் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

5. அடுத்த ஆட்டத்திலேயே அந்தக் கேள்வி எனக்கு வந்தது. எல்லைக் கோட்டருகே பந்துடன் வந்தவர் குனிந்தார். தடுத்தவர் முன்பே நன்றாகத் தாழ்ந்திருந்தார். அவர் தோள் குனிந்தவரின் தலையில் பட்டது. எனக்குத் தெரிந்தது சுற்றறிக்கையின் விதி மட்டுமே. தடுத்தவருக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினேன்; அதன்படி அவருக்கு ஆட்டத் தடையும் விழுந்தது. “ஏங்க நடுவரம்மா, அவன் என்ன பள்ளம் தோண்டி உள்ள எறங்கியா பிடிப்பான்?” என்று பார்வையாளர் ஒருவர் கத்தினார். இந்த விதியை எனக்கு வாய்விட்டு விளக்கிய ஒரே ஆள் அவர்தான்.

6. மறுஆய்வுக் குழு காணொளியைப் பார்த்து, பிழை குனிந்தவருடையது, நடுவரின் முடிவு தவறு என்று கண்டுள்ளது. முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் மைதானத்தில் எடுத்த முடிவை மாற்றும் மரபு இல்லை என்பதால் வீரரின் தடை தொடரும் என்றும், இந்த முடிவை வெளியே சொல்லக் கூடாது என்றும் குழு கூறியுள்ளது. தவறு செய்தவள் விசிலுடன் மைதானத்தில் இருக்கிறேன். செய்யாதவர் வெளியே இருக்கிறார்.

7. அந்த வீரர் டயர் கடையில் வேலை செய்கிறார். வண்டிக்குக் காற்றுப் பிடிக்கப் போன இடத்தில் எதிர்பாராமல் அவரைப் பார்த்தேன். “மேடம், சண்டைக்கு வரல. நான் எங்க தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க, திருத்திக்கிறேன். அதுக்கு மேல எப்படித் தாழறதுன்னு எனக்குத் தெரியல” என்றார். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. சொல்ல அனுமதி இல்லை. அவர் பின் சக்கரத்தையும் அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அணித் தேர்வுக்கான வயது வரம்பை அடுத்த ஆண்டு அவர் தாண்டிவிடுவார். அவருக்கு இந்த ஞாயிறு மட்டுமே உண்டு.

ஆகவே நான் கோருபவை: அவருடைய தடையை நீக்கி, தேர்வில் கலந்துகொள்ள அனுமதிக்க வேண்டும். இனிச் சோதனை விதிகளை மைதானத்தில், எல்லா நடுவர்களும் பார்க்க, ஒவ்வொரு சைகைக்கும் காரணத்தை வாயால் சொல்லி விளக்க வேண்டும். சுற்றறிக்கையிலும் அதை எழுத வேண்டும். என் மீதான எச்சரிக்கை இருந்துவிட்டுப் போகட்டும். ‘வகுப்பில் கவனக்குறைவு’ என்பதை மட்டும் திருத்துங்கள். நான் முழுக் கவனத்துடன் வகுப்புக்கு வெளியே நின்றிருந்தேன்.

இரு அணியினரும் தோளோடு தோள் கோத்துத் தள்ளும் ஸ்கிரம் பற்றிய சோதனை விதிக்கான வகுப்பு வியாழக்கிழமை அதே அறையில் என்று அறிவிப்பு வந்துள்ளது. செவிலியரும் நானும் அன்று நடையில் நிற்க மாட்டோம். மைதானத்தின் நடுக்கோட்டில் நிற்போம். பயிற்றுநரை அங்கே அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

சனிக்கிழமை மாலை வரை டயர் கடை திறந்திருக்கும். அதற்குள் தங்கள் ஆணை கிடைத்தால், நானே போய், “நீங்கள் தவறு செய்யவில்லை, ஞாயிறு விளையாட வாருங்கள்” என்று அவரிடம் சொல்வேன். ஆணை கிடைக்காவிட்டாலும் போவேன். முதல் பாதியையாவது சொல்வேன். அதற்காகக் குழு எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறேன்.

இடம்: நடுவர் குழு அலுவலக முன்கூடம்
நாள்: தேர்வு ஆட்டத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
இரண்டாம் நிலை நடுவர்