முகமில்லாத வெள்ளைச் சட்டை

கோட்டைமேடு, கோவை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ரம்ஷாவும் நலம். உங்கள் போனைப் போலீஸ்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டதிலிருந்து எந்தப் போனில் பேசவும் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் இதை அண்ணன் சாஹில் அந்தியூருக்குத் திரும்பும்போது அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் வீட்டில் வெட்கப்பட்டுக்கொண்டு அரை வயிற்றோடு எழுந்துவிடாதீர்கள்.

நேற்று உங்கள் பத்திரிகை ஆசிரியர் தமிழ்வேந்தன் வந்தார். டீ குடித்தார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். சுரங்கப்பாதையில் தேங்கிய மழைத் தண்ணீரில் பரிசல் விட்டு ரிப்பன் வெட்டும் வெள்ளைச் சட்டைக்காரரைக் கார்ட்டூனில் வரைந்தது உங்கள் சொந்தத் தவறாம். பத்திரிகைக்கு ஒன்றும் தெரியாதாம். கையெழுத்துப் போட்டால் புகார்களை வாபஸ் வாங்க வைப்பாராம், நீங்கள் வீட்டுக்கு வரலாமாம். ‘ஒரு கையெழுத்துத்தானுங்க அம்மணி, போட்டு உட்டா முடிஞ்சுது’ என்றார்.

‘மொகம் வேண்டாமுங்க ரசாக், வம்பாயிரும்’ என்று போனில் சொன்னது இதே மனுஷன்தானே? கண், மூக்கு எல்லாம் போட்டு முடித்த பிறகு நீங்கள் அதன்மேல் வெள்ளை பூசியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முகம் இருந்திருந்தால் ஒருவருக்குத்தான் கோபம் வந்திருக்கும். இப்போது கவுன்சிலர், காண்ட்ராக்டர், கட்சிக்காரர் மூவரும் ‘அது என் முகம்தான்’ என்று தனித்தனியாகப் புகார் கொடுத்திருக்கிறார்கள். இதற்குச் சிரிப்பதா அழுவதா?

ஃபேஸ்புக்கில் வேறு கூட்டம் திட்டுகிறது. படத்தைப் பார்த்து அல்ல, அடியில் இருக்கும் உங்கள் பெயரைப் பார்த்து. பத்திரிகையில் உங்கள் கார்ட்டூன் கட்டத்தில் இப்போது கம்ப்யூட்டர் போட்ட படம் வருகிறது. இன்று வந்த விவசாயிக்கு ஒரு கையில் ஆறு விரல். அதற்கு யாரும் புகார் கொடுக்கவில்லை.

எனக்கு உங்கள் மேலும் கோபம்தான். வரைந்த முகத்துக்காக நீங்கள் ஊரைவிட்டுப் போயிருந்தால் மனசு ஆறியிருக்கும். அழித்த முகத்துக்காகப் போய்விட்டீர்களே!

பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். ரம்ஷா என்னைக் கரண்டியோடும் உங்களைப் பேனாவோடும் வரைந்திருக்கிறாள். உங்களுக்கு மட்டும் முகம் இல்லை. ஏன் கண்ணு என்று கேட்டேன். ‘மொகம் போட்டா அத்தாவைப் புடிச்சுட்டுப் போயிருவாங்கம்மா’ என்கிறாள்.

அந்தப் படத்தையும் ஆசிரியர் கொடுத்த காகிதத்தையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். நீங்கள் வீட்டுக்கு வரவேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். கையெழுத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் பேனாவைத் திறந்தால், முதலில் பிள்ளையின் படத்தில் உங்கள் முகத்தைப் போட்டுவிடுங்கள். வெள்ளை பூசாதீர்கள்.

அல்லாஹ் உங்கள் கையைப் பத்திரமாக வைக்கட்டும்.

உங்கள்
ரிஃபானா