கட்டாத சிவப்புத் துணி

மே 14, புதன்

காலையில் கேரட்டுக்கு மருந்து அடித்தேன். அடித்த இடத்தின் வரப்பில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுவது எங்கள் வழக்கம். அதைப் பார்த்தால் மாட்டுக்கு அங்கே யாரும் புல் அறுக்க மாட்டார்கள். துணியோடு போகும்போதுதான் ஸ்பிரிங்க்ளர் பைப் பிடுங்கிக்கொண்டது. இந்தக் கோடையில் கிணற்றில் கிடப்பதே கொஞ்சம் தண்ணீர். ஓடினேன். அதைச் சரிசெய்வதற்குள் மோட்டார் புகைந்தது. துணி நினைவுக்கே வரவில்லை.

மத்தியானம் என் மனைவி சரசு அந்த வரப்பில் புல் அறுத்துச் செவலைக்குப் போட்டிருக்கிறாள். நாலு மணிக்கு மாடு நுரை தள்ளிப் படுத்துவிட்டது. எட்டு மாதச் சினை. ஊட்டியிலிருந்து டாக்டர் வந்து ஊசி போட்டார். "மாடு பொழச்சுக்குமுங்க. கன்னுக்குட்டியப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

சரசு இன்னும் தொழுவத்தில்தான் இருக்கிறாள். "ஏனுங்க, நீங்க துணி கட்டித்தான் இருப்பீங்க. நாந்தான் அவசரத்துல பாக்காம அறுத்துட்டனுங்க" என்று அழுதாள். கட்ட வேண்டியவன் மறந்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. "சரி, விடு" என்றேன். பெரிய மனசு பண்ணி மன்னித்தவன் மாதிரி.

துணி என் சட்டைப் பையில் இருக்கிறது. காலையில் துவைக்க அவள்தான் எடுப்பாள்.